சின்ன ரீஃப் டேங்க்ல சிவப்பு மேக்ரோ ஆல்கே வாடுதா? அறிகுறிய வச்சு காரணத்தப் பிடிக்கிறது எப்படி

சிவப்பு மேக்ரோ, அதாவது கடல் தண்ணி டேங்க்ல செடி மாதிரி வளர்க்குற பெரிய சிவப்புக் கடல்பாசி, வச்சிருக்கிறவங்க இது ஏன் வாடுதுன்னு கேக்குற கேள்விய எந்தப் பக்கம் இருந்து தோண்டினாலும் முக்கால்வாசி ஒரே எடத்துலதான் போய் முடியுது: தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு. கோரல் (பவளம்) வளர்த்துப் பழகினவங்களுக்கு நைட்ரேட் பூஜ்யம் பாஸ்பேட் பூஜ்யம்னு பாத்தாதான் நிம்மதி, அந்தப் பழக்கத்தோடயே ஒரு கிராசிலேரியாவையோ டிராகன் டங்கையோ (ஹாலிமீனியா வகை) கொண்டுவந்து வச்சா அது பட்டினி கிடக்குது, உடனே லைட்ட மாத்துறாங்க, பம்ப்ப திருப்புறாங்க, கடைசில இந்த ஊர் சூட்டுக்கு இதெல்லாம் செட் ஆகாதுன்னு முடிவு பண்ணிடறாங்க. செட் ஆகும். ராமநாதபுரம் கரையில பெண்கள் முங்கி எடுக்குற கஞ்சிப்பாசி இருக்கே, அதுவும் கிராசிலேரியா தான், கிராசிலேரியா எடுலிஸ், அகர் அகர் எடுக்கப் போகுது. கலங்கலான, சூடான, சத்து நிறைஞ்ச கரையோரத் தண்ணில வளர்ற குடும்பம் அது.

கீழ சொல்ற கணக்கு எல்லாம் 40 லிட்டர் டேங்க்குக்கு. உங்களுது பெருசோ சிறுசோ அதுக்கேத்த மாதிரி பெருக்கிக்கோங்க.

எதையும் தொடறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுதி வைங்க. மத்தியானம் 3 மணிக்கு தண்ணி என்ன சூடு (காலைல பாக்காதீங்க, காலைல எல்லா டேங்க்கும் நல்லாத்தான் இருக்கும்), உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு பாஸ்பேட் எவ்வளவு, கடைசி பத்து நாள்ல என்ன மாத்துனீங்க. நான் வச்சிருக்கிற இலக்கு: சூடு 24 முதல் 27 டிகிரி, உப்பு 35 பிபிடி அதாவது 1.026, நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.15, ஆல்கலினிட்டி (தண்ணில கார்பனேட் அளவு) 8 இல்ல 9 டிகேஎச். அப்புறம் இன்னொண்ணு, பழைய இலையப் பாத்து முடிவு பண்ணாதீங்க, வெளுத்த பழைய பாகம் பல நேரம் திரும்பி வராமலே போயிடும், புதுசா வர்ற நுனி என்ன கலர்ல வருதுன்னு பாருங்க, அதுதான் இந்த வாரத்து நிலைமையச் சொல்லும்.

கருஞ்சிவப்பா, கிட்டத்தட்ட கருப்பா தெரியுது

முதல்ல ஒரு வெள்ளை டார்ச் அடிச்சுப் பாருங்க. கோரலுக்குன்னு வாங்குன எல்ஈடில நீலம் மட்டும் ஏத்தி வச்சிருந்தா திருப்பி அனுப்புறதுக்கு அங்க சிவப்பு வெளிச்சமே கிடையாது, அதனால சிவப்புச் செடி கருப்பாத்தான் தெரியும். டார்ச்சுல நல்ல சிவப்பா இருந்தா செடிக்கு ஒண்ணும் இல்ல, உங்க கண்ணுக்காக வெள்ளை சேனல கொஞ்சம் ஏத்திக்கோங்க. டார்ச்சுலயும் அடர்த்தியா ஒயின் கலர்ல இருந்தா இன்னும் நல்லது, நைட்ரஜன் நிறைய கிடைக்குதுன்னு அர்த்தம்.

மொத்தமா வெளுத்து மஞ்சள், வைக்கோல் கலர், சில சமயம் பச்சையாவே போகுது

இதுதான் அதிகமா வர்ற கேஸ், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். அந்த சிவப்ப குடுக்குறது ஃபைகோஎரித்ரின்னு ஒரு நிறமி, அது ஒரு புரோட்டீன், புரோட்டீன்னா உள்ள நைட்ரஜன் இருக்கு. வெளிய நைட்ரஜன் கிடைக்காதப்ப செடி தன்னோட நிறமியையே உடைச்சு அந்த நைட்ரஜன எடுத்து சாப்பிட்டுக்குது. மிச்சம் இருக்கிற குளோரோஃபில்லும் மஞ்சள் நிறமிகளும் வெளிய தெரிய ஆரம்பிக்குது, அதான் மஞ்சளோ பச்சையோ ஆகுது. செடி உயிரோடதான் இருக்கும், தொட்டா இன்னும் விறைப்பா இருக்கும், ஒடியாது.

ஆனா லைட் அதிகமானாலும் வெளுக்கும், ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. செடிய கையில எடுத்து தலைகீழா திருப்பிப் பாருங்க. லைட் படாத அடிப்பக்கமும், உள்ள நெழல்ல இருக்கிற கிளையும் சேத்து மொத்தமா வெளுத்திருந்தா பசி. மேல லைட் பாத்த பக்கம் மட்டும் வெளுத்து, அடில இன்னும் சிவப்பு இருந்தா லைட். இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிஷம்தான் ஆகும், டெஸ்ட் கிட்ட விட நான் இத நம்புவேன், ஏன்னா டேங்க்ல செடி வர்ற நைட்ரேட்ட எல்லாம் உடனே உறிஞ்சிட்டு இருக்கும்போது கிட் பூஜ்யம்னுதான் காட்டும், எவ்வளவு உள்ள வருதுன்னு காட்டாது.

பசின்னு தெரிஞ்சா முதல் வைத்தியம் மீனுக்கு தீனிய கூட்டுறது. கிராசிலேரியா நைட்ரேட்ட விட அமோனியத்த வேகமா எடுக்கும், மீன் சாப்பிட்டு வெளிய விடறது அதேதான், அது தண்ணில நிக்கிறதுக்குள்ள செடி எடுத்துடும். கழிவ நுரையா பிரிச்செடுக்கிற ஸ்கிம்மர் ஓடுதுன்னா பகல்ல நிறுத்துங்க. பாஸ்பேட் எடுக்குற ஜிஎஃப்ஓ பை தொங்குதுன்னா கழட்டுங்க, சம்ப்ல (கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) கீட்டோங்கிற பச்சைப் பாசி உருண்டை வேற வச்சிருந்தா பாதிய வெட்டி எடுங்க, பச்சைக்கும் சிவப்புக்கும் போட்டி வந்தா பெரும்பாலும் பச்சைதான் ஜெயிக்கும்.

அதுக்கும் கலர் வரலன்னா டோஸிங். பொட்டாசியம் நைட்ரேட் 10 கிராம் எடுத்து 500 மில்லி ஆர்ஓ தண்ணில கரைச்சு வைங்க, அதுல 10 மில்லி 40 லிட்டருக்கு ஊத்தினா நைட்ரேட் சுமார் 3 பிபிஎம் ஏறும். பாஸ்பேட் நிஜமாவே பூஜ்யமா இருந்தா மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 1 கிராம் இன்னொரு 500 மில்லில, அதுல 1 மில்லி விட்டா 0.035 பிபிஎம் ஏறும், அதனால அத சிரிஞ்ச்லதான் அளக்கணும், மூடியில ஊத்துற வேலை வேண்டாம். மாடித்தோட்டக் கடைல 13-0-45ன்னு விக்கிறது பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34ன்னு விக்கிறது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், ஆனா முடிஞ்சா லேப் கிரேட் வாங்குங்க, நுண்சத்து கலந்த பாக்கெட்டா இருந்தா அதுல தாமிரம் இருக்கும், இறாலும் நத்தையும் போயிடும். 19-19-19 பக்கமே போகாதீங்க, அதுல யூரியாவும் அமோனியமும் இருக்கு, சின்ன டேங்க்ல அளவு தவறினா மீனுக்கு ஆபத்து. ரெண்டு நாளுக்கு ஒரு தடவை டோஸ், டெஸ்ட்ல 5 நிக்க ஆரம்பிச்சதும் அளவ குறைங்க. கிராசிலேரியா ஒரு வாரம் பத்து நாள்ல நிறம் பிடிக்கும், டிராகன் டங் மெதுவாத்தான்.

நுனி மட்டும் வெள்ளை, இல்லன்னா கண்ணாடியா ஊடு தெரியுற பிங்க்

லைட். பெரும்பாலும் புதுசா வந்த செடிய நேரா லைட்டுக்கு அடில வச்சிருப்பீங்க. கடைல மங்கலான தொட்டில ரெண்டு வாரம், பாக்கெட்ல ஒரு நாள் இருட்டு, அப்புறம் திடீர்னு உங்க டேங்க்ல 200 பார்னா (பார்ங்கிறது செடிக்குக் கிடைக்கிற வெளிச்சத்தோட அளவு) எந்தச் செடிக்கும் தாங்காது. ரெட் கிரேப் அதாவது பாட்ரியோகிளேடியாவும் ஹாலிமீனியா வகைகளும் 50 முதல் 100 பார்லயே சந்தோஷமா இருக்கும், கிராசிலேரியா பழகினதுக்கு அப்புறம் 150 வரைக்கும் வாங்கிக்கும். பார் மீட்டர் இல்லன்னா மணல் மட்டத்துல, பாறையோட ஓரத்துல வச்சு ஆரம்பிங்க, வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க. லைட் எரியுற நேரத்தையும் ஒரு நாளைக்கு 8 மணி நேரமா குறைங்க.

வெள்ளை ஆன நுனி தொட்டதும் ஒடியுதுன்னா, அதுவும் கிளைக்கு நடுவுல மோதிரம் போட்ட மாதிரி வெள்ளை விழுந்து அந்த எடத்துலயே துண்டாகுதுன்னா இன்னும் கவனமா பாருங்க. பாக் விரிகுடாவுல கப்பாஃபைகஸ்ங்கிற சிவப்புக் கடல்பாசி வளர்க்கிறவங்களுக்கு ஐஸ்-ஐஸ்னு ஒரு நோயோட பாடு உண்டு, சூடு ஏறுறது, உப்பு இறங்குறது, வெயில் இதுல எதுலயாவது செடி முதல்ல சோர்ந்து போகும், அதுக்கு அப்புறம்தான் பாக்டீரியா உள்ள வரும். டேங்க்லயும் அதே வரிசைதான். அதனால மருந்து தேடாதீங்க. வெள்ளைக்கு கீழ ஒரு சென்டிமீட்டர் நல்ல பாகத்தோட சேத்து கூர்மையான கத்தரியால வெட்டுங்க, வெட்டினத தூக்கிப் போடுங்க, சோர்வுக்கு காரணமா இருந்த சூட்டையோ உப்பையோ சரி பண்ணுங்க.

திடீர்னு ஆரஞ்சு இல்ல பளிச்சுன்னு பிங்க் ஆகி கூழாகுது

இத மட்டும் நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. செல் உடைஞ்சு நிறமி வெளிய கசியுறப்ப வர்ற கலர் இது, அடர் சிவப்பு செடி ஒரே ராத்திரில அழகான ஆரஞ்சு ஆகும், பாக்க நல்லாவே இருக்கும், தொட்டா விரல்ல வழியும், சில நேரம் தண்ணியே லேசா ரோஸ் ஆகும். அந்த பாகம் செத்தாச்சு. 40 லிட்டர்ல ஒரு கை நிறைய ஹாலிமீனியா அழுகினா அமோனியா ஏறும், ராத்திரி ஆக்சிஜன் இறங்கும், மீன் மேல வந்து வாய் பிளக்கும்.

பம்ப்ப நிறுத்திட்டு ஒரு டியூபால கூழ சைஃபன் பண்ணி எடுங்க, கையால பிசைஞ்சு எடுத்தா இன்னும் பரவும். விறைப்பா இருக்கிற சிவப்பு துண்டு விரல் நகம் அளவு இருந்தாலும் தனியா வைங்க, அதுல இருந்து திரும்ப வளரும். 25 முதல் 30 சதவீதம் தண்ணி மாத்துங்க, ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்க, ராத்திரி ஏர் ஸ்டோன் ஓடட்டும்.

அப்புறம் காரணம். பெரும்பாலும் மூணுல ஒண்ணு. ஒண்ணு, புதுசா வந்த செடி, கடையோட உப்பும் உங்க உப்பும் வேற, நேரா போட்டுட்டீங்க. பாக்கெட்ட 20 நிமிஷம் மிதக்க விட்டு சூட்ட சமம் பண்ணி, அப்புறம் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டா டேங்க் தண்ணி விடணும், நல்ல தண்ணில கழுவவே கூடாது. ரெண்டு, சூடு. சென்னைல ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் சில்லர் இல்லாத டேங்க் 31, 32ன்னு போகும், 28 தாண்டினாலே ஹாலிமீனியா முதல்ல கையை விரிக்கும், கிராசிலேரியா 30 வரைக்கும் சமாளிக்கும். தண்ணி மேல ஒரு சின்ன ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஆனா ஃபேன் வச்சா தண்ணி ஆவியாகும், ஒரு லிட்டர் போனா 35ல இருந்த உப்பு கிட்டத்தட்ட 36, ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா இன்னும் மேல, அதனால ஃபேன் வைக்கிறவங்க குறைஞ்ச தண்ணிய தானா நிரப்புற ஆட்டோ டாப் ஆஃப் வச்சே ஆகணும், அதுலயும் ஆர்ஓ தண்ணிதான், உப்புத் தண்ணி இல்ல. மூணாவது காரணம் உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் பொய் சொல்றது, 35 பிபிடி கேலிப்ரேஷன் திரவத்தால மாசம் ஒரு தடவை சரி பாருங்க.

மேல எல்லாம் சிவப்பா அழகா இருக்கு, அடி மட்டும் அழுகி செடி கழண்டு மிதக்குது

அடில அழுக்கு உக்காருது, தண்ணி ஓட்டம் அங்க போகல. அடர்த்தியான புதரா வளர்ந்துட்டா உள்ள லைட்டும் போகாது, மீன் கழிவும் தீனியும் போய் அடையும். புதர விரலால பிரிச்சு உள்ள மோந்து பாருங்க, அழுகின முட்டை வாடை வந்தா அதேதான். வாரத்துக்கு ஒரு தடவை டர்க்கி பேஸ்டர்ங்கிற ரப்பர் பல்பு வச்ச குழாயோ பெரிய சிரிஞ்சோ வச்சு அடில ஊதுங்க, உள்கிளைகள மூணுல ஒரு பங்கு வெட்டிடுங்க. மணிக்கு 800 முதல் 1200 லிட்டர் தள்ளுற சின்ன வேவ் மேக்கர் போதும், செடி அசையணும், சவுக்கடி வாங்கக் கூடாது.

கட்டுற விதமும் பாருங்க. ரப்பர் பேண்ட இறுக்கிக் கட்டின எடத்துலதான் அழுகல் ஆரம்பிக்கும். ஜெல் சூப்பர் க்ளூ ஒரு பொட்டு வச்சு கல்லுத் துண்டுல ஒட்டுங்க, இல்ல பாறை இடுக்குல சொருகுங்க. உருண்டையா வளர்ற கிராசிலேரியாவ ஒட்டவே வேண்டாம், ஓட்டத்துல உருள விட்டா எல்லாப் பக்கமும் லைட் வாங்கி அதுவே நல்லா வரும்.

செடி மேல முடி மாதிரி பாசி, இல்ல சிவப்பு வழவழப்பு

வழவழப்பா இருக்கிறது சிவப்பா இருக்கேன்னு அதையும் மேக்ரோன்னு விட்டுடறவங்க உண்டு. விரலால தடவினா தோலா உரிஞ்சு வந்தா, உள்ள குமிழி குமிழியா காத்து பிடிச்சிருந்தா அது சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. நைட்ரேட் பூஜ்யமா இருந்து பாஸ்பேட் மட்டும் இருக்கிற டேங்க்ல இது நல்லா வரும். சைஃபன் பண்ணுங்க, ஓட்டத்த கூட்டுங்க, மேல சொன்ன கணக்குல நைட்ரேட்ட 5க்கு கொண்டுவாங்க. எல்லாரும் தண்ணிய இன்னும் சுத்தம் பண்ணப் போய்தான் இத நீட்டிக்கிறாங்க.

முடிப்பாசின்னா செடியே வளராம நிக்குதுன்னு அர்த்தம், வளர்ற நுனில பெரும்பாலும் எதுவும் ஒட்டாது. சுத்தமான நுனிகள வெட்டி வச்சுக்கிட்டு மூடிப்போன பழைய பாகத்த விட்டுடுங்க, மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா பிரஷ் போட்டுத் தேய்ச்சு மீட்ட செடிய விட வெட்டி வச்ச நுனி சீக்கிரம் முந்தும். ட்ரோக்கஸ், செரித் நத்தை நாலஞ்சு விடுங்க. ஹைட்ரஜன் பெராக்ஸைடுல முக்குறதெல்லாம் கல்லுக்கு சரி, ஹாலிமீனியாவுக்கு நான் சொல்ல மாட்டேன், இலை மெல்லிசு, பாசிக்கு முன்னாடி அது போயிடும்.

துண்டு துண்டா காணாமப் போகுது

அழுகினா ஓரம் வெளுத்து குழையும், யாராவது தின்னா ஓரம் சிவப்பாவே சுத்தமா அரை வட்டமா வெட்டுப்பட்டு இருக்கும். எமரால்டு க்ராப், அர்ச்சின், டேங் மீன் இதுல எது இருந்தாலும் விசாரணை தேவையில்ல, மேக்ரோ அதுங்களுக்கு சாப்பாடு. அதெல்லாம் இல்லன்னா லைட் அணைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஆம்ஃபிபாட், அதாவது இறால் மாதிரி குட்டிப் பூச்சி, கூட்டமா கிளை மேல உக்காந்திருக்கும். கொஞ்சம் இருந்தா நல்லதுதான், முடிப்பாசிய தின்னும், கூட்டம் பெருகினா செடியவே கடிக்கும், ரெட் கிரேப் குமிழ்ல ஓட்டை போட்டா உள்ள இருக்கிற வழவழ திரவம் வெளிய போய் குமிழ் சுருங்கிடும். டேங்க் தண்ணி ஒரு வாளில எடுத்து செடிய அதுல நல்லா அலசுங்க, பாதிக்கு மேல கொட்டிடும்.

சாகவும் இல்ல, வளரவும் இல்ல

நைட்ரேட் 10 இருக்கு, கலரும் இருக்கு, ஆனா அப்படியே நிக்குதுன்னா பாஸ்பேட் பாருங்க. அட்கின்சன், ஸ்மித்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1983ல கடல் செடிகள அலசிப் பாத்து சொன்ன நடு அளவு, அணுக் கணக்குல, கார்பன் 550, நைட்ரஜன் 30, பாஸ்பரஸ் 1. தண்ணில மிதக்குற நுண்ணுயிரான பிளாங்டனுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் 16க்கு 1. அதாவது மேக்ரோவுக்கு பாஸ்பரஸ் கொஞ்சம் போதும், ஆனா அந்தக் கொஞ்சமும் இல்லன்னா நைட்ரேட் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதுவும் சரியா இருந்தா கடைசியா தண்ணி எப்ப மாத்துனீங்கன்னு யோசிங்க. இரும்பு, மாங்கனீஸ், பொட்டாசியம் எல்லாம் சின்ன டேங்க்ல சீக்கிரம் தீரும், வாரம் 10 சதவீதம் மாத்துறது தனித்தனி பாட்டில் வாங்குறத விட மலிவு.

கார்பனையும் மறக்காதீங்க. சாயங்காலம் பிஎச் 8.5 தாண்டுதுன்னா பகல் முழுக்க கார்பன் டை ஆக்சைட செடி காலி பண்ணிடுச்சு, தண்ணியோட மேல்மட்டம் நல்லா அசையுற மாதிரி பம்ப்ப திருப்புங்க. ஏசி ரூம்ல கதவு சாத்தியே இருக்கு, பிஎச் 7.9 தான் வருதுன்னு கோரல்காரங்க கவலப்படுவாங்க, மேக்ரோ டேங்க்குக்கு அது நல்ல சேதி, கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்குன்னு அர்த்தம்.

கிளை மேல முண்டு முண்டா பரு

கிராசிலேரியால குண்டூசித் தலை அளவு அரைக்கோளமா புடைப்பு வந்தா பயப்படாதீங்க, அது பெண் செடி, கருவுற்ற எடத்துல ஸ்போர் உண்டாகிற பை. கவுலெர்பாங்கிற பச்சைப் பாசி இனச்செல் விட்டு மொத்தமா கரையுற மாதிரி இது கரையாது. அப்படியே விடுங்க.

கேலக்ஸாரா வெள்ளையாகுது

இது உடம்புல சுண்ணாம்பு சேக்குற வகை, அதனால இதுக்கு மட்டும் ஆல்கலினிட்டியும் கால்சியமும் முக்கியம், 8 டிகேஎச், 420 பிபிஎம் பக்கத்துல வைங்க. வெள்ளை ஆனது சிவப்பு போய் வெறும் சுண்ணாம்பு தெரியறது, அந்தக் கிளை திரும்பாது, வெட்டிடுங்க. நெழல்ல வைங்க.

வெட்டினதெல்லாம் என்ன பண்றதுன்னு கேட்டா, நல்ல துண்ட டேங்க் வச்சிருக்கிறவங்களுக்கு கொடுங்க, மிச்சத்த வெயில்ல காயப்போட்டு குப்பைல போடுங்க. கடல்லயோ முகத்துவாரத்துலயோ கொட்டவே கூடாது. வளர்ப்புக்குன்னு வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் மன்னார் வளைகுடாவுல குருசடை தீவு கோரல் மேல ஏறி மூடினது நம்ம கண்ணு முன்னாடி நடந்தது. அதே மாதிரி மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவுகளச் சுத்தி இருந்து பாசியோ கல்லோ எடுத்து டேங்க்ல வைக்கவும் கூடாது, 1986ல இருந்தே அது தேசியப் பூங்கா. பக்கத்துல வளர்க்கிறவங்க யார்கிட்டயாவது ஒரு கைப்பிடி வாங்கினாலே போதும், சாப்பாடு சரியா போட்டா மூணு மாசத்துல நீங்க குடுக்குற ஆளா இருப்பீங்க.